நட்சத்திர அணியை வெல்லும் உபாயம்

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டார் மனக்கண்முன் தோன்றுவன புல்தரையும், வளைந்த மட்டையும், தயான்சந்தின் பெயருமே. ஆனால் கானடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதிகளிலும் அடைமொழியின்றி ஹாக்கி என்று சொன்னால், அது பனிக்கட்டியின்மேல் ஆடப்படும் ஆட்டத்தையே குறிக்கும். நம் நாட்டிலும் லடாக்கில் குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்து இறுகியபின் இவ்வாட்டம் நடைபெறுவதுண்டு. வடபுலத்தில் பணியாற்றும் தமிழன்பர்களுள் சிலர் அதனை நேரிற் கண்டிருக்கவும் கூடும். உலகப் புகழ் வாய்ந்த வீரர் பலரைக் கொண்ட ஓர் அணியை, அத்தகைய புகழ் இல்லாத மற்றோர் அணி இவ்வாட்டத்தில் எங்ஙனம் வெல்லுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம்.

பனிக்களம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. சுற்றிலும் பலகைச் சுவர் உண்டு. பந்துக்குப் பதிலாக, ஓர் அங்குலக் கனமும் மூன்று அங்குலக் குறுக்களவும் உள்ள கெட்டியான ரப்பர் வட்டு ஒன்று உபயோகப்படுகிறது. ஒவ்வோர் அணியிலும் கோல் காவலர் ஒருவர், பின்காவலர் இருவர், முன்னணியினர் மூவர் ஆக அறுவர் களத்தில் இருப்பர். உலோகத் தகடு பொருத்திய சறுக்குக் காலணிகளை அணிந்து அவர்கள் மிக விரைந்து செல்வர். வட்டை வைத்திருப்பவர்மீது தோளாலும் உடலாலும் மோதி அதனைக் கைப்பற்றுவது விதிக்கு உட்பட்டதே. இருபது நிமிஷம் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

இந்த வேகத்தில் எத்துணை வல்லவரும் முக்கால் நிமிஷத்திற்குமேல் முழு ஆற்றலுடன் ஆடுதல் அரிது. ஆகவே ஆட்டம் நிற்காமலேயே களத்தில் உள்ளோர் வெளியேற, காத்திருப்போர் உள்ளே புகுவர். முன்னணியினர் மூவர் மூவராக நான்கு வரிசைகளாகவும், பின்காவலர் இருவர் இருவராக மூன்று ஜோடிகளாகவும் மாறி மாறி ஆடுவர். இதன் விளைவு யாது? கிரிக்கெட்டில் தேர்ந்த மட்டையாளர் ஒருவர் நாள் முழுதும் களத்தில் நிற்கலாம். இங்கோ மிகச் சிறந்த முன்னணி வீரரும் அறுபது நிமிஷத்தில் ஏறத்தாழ இருபது நிமிஷமே களத்தில் இருப்பார். எஞ்சிய நாற்பது நிமிஷம் புகழில்லாதவர்களுக்கு உரியது. நட்சத்திர அணியை எதிர்ப்பவர் உணரவேண்டிய முதல் உண்மை இதுவே.

இரண்டாவது உண்மை, தண்டனை முறையைப் பற்றியது. விதியை மீறியவர் பெரும்பாலும் இரண்டு நிமிஷம் களத்திற்கு வெளியே தனியிடத்தில் அமர்த்தப்படுவார். அந்நேரத்தில் அவருடைய அணியினர் நால்வர் எதிர் அணியினர் ஐவரைச் சமாளிக்கவேண்டும். இதனை ஆங்கிலத்தில் 'பவர் பிளே' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் 'சக்தி ஆட்டம்' என்றால் பொருள் கெடும். 'ஆள் மிகுந்த வேளை' என்று கொள்வதே கருத்துக்குப் பொருந்தும். பெரிய வீரர்களின் திறமை மிகுதியும் ஒளிவிடுவது இவ்வேளையிலேதான். ஏனெனில், திறமை வெளிப்படுவதற்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று இடம், மற்றொன்று அவகாசம். களத்தில் எதிரி ஒருவர் குறைந்தால் இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்துவிடுகின்றன.

இங்கு ஒன்றை முடிவாகச் சொல்லிவிடலாம். திறமையில் மிக்கவரோடு திறமையில் போட்டியிடுவது தோல்விக்கு வழி. அத்திறமைக்கு வேண்டிய இடத்தையும் அவகாசத்தையும் கொடாமல் இருப்பதே வெற்றிக்கு வழி. கீழே கூறப்படும் உபாயங்கள் யாவும் இந்த ஒரு கொள்கையின் கிளைகளே.

இதற்குச் சிறந்த சான்று 2019-ஆம் ஆண்டில் கிடைத்தது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் அப்பருவத்தில் 31 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடியபின், 16 அணிகள் ஸ்டான்லி கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளுக்குள் புகுந்தன. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகள் ஏழு ஆட்டங்கள் வரை மோதும். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணியே அடுத்த சுற்றுக்குச் செல்லும்.

அப்பருவத்தில் ஃபிளாரிடா மாநிலத்து டாம்பா நகர அணி 62 ஆட்டங்களில் வென்று 128 புள்ளிகளைப் பெற்றது. 1995-96 பருவத்தில் டெட்ராய்ட் அணி நிலைநாட்டிய 62 வெற்றிகள் என்ற பெரும் சாதனையை அது எட்டிவிட்டது. அவ்வணியின் நிகிதா குச்செரோவ் தனியொருவராகவே கோல்களும் கோலுக்கு உதவிய அடிகளுமாக 128 புள்ளிகள் சேர்த்து, லீகில் முதல்வராக விளங்கினார். ஸ்டீவன் ஸ்டாம்கோஸ், பிரேடன் பாயின்ட் ஆகிய இருவரும் அவரைப்போலவே 40 கோல்களுக்குமேல் அடித்தவர்கள். கோல் காவலர் ஆந்திரே வசிலெவ்ஸ்கி அவ்வாண்டு அத்துறையில் மிகச் சிறந்தவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆள் மிகுந்த வேளைகளில் நூற்றுக்கு 28 வீதம் கோல் அடித்து, அவ்வகையிலும் டாம்பாவே முதலிடம் பெற்றிருந்தது.

எதிர்த்து நின்றதோ ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் அணி. அது 98 புள்ளிகளுடன் கடைசி நேரத்திலேயே இடம் பெற்றது. 2000-ஆம் ஆண்டில் ஆடத் தொடங்கியதிலிருந்து வெளியேற்றுத் தொடர் ஒன்றிலேனும் அது வென்றதில்லை. அதன் பொது நிர்வாகி யார்மோ கெக்கலைனன் அவ்வாண்டில் ஒரு பெரிய பணயம் வைத்திருந்தார். ஆர்டெமி பனாரின் என்ற முன்னணி வீரருக்கும், செர்கெய் பாப்ரோவ்ஸ்கி என்ற கோல் காவலருக்கும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அவர்களை வேறு அணிக்கு மாற்றிக் கைம்மாறு பெறாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதுமட்டுமன்றி, பிற்காலத்திற்குரிய இளம் வீரர்களையும் தேர்வுரிமைகளையும் விட்டுக்கொடுத்து, மாட் டூஷேன் முதலியோரைப் பெற்றார். தொடரில் தோற்றால் கைம்முதலும் போய், ஆட்களும் போய்விடுவர் என்ற நிலை.

ஏப்ரல் 10-ஆம் நாள் டாம்பாவில் முதல் ஆட்டம். முதற் பகுதி முடிவில் டாம்பா மூன்று கோல்கள் முன்னணியில் இருந்தது. கொலம்பஸ் ஒன்றும் அடிக்கவில்லை. கண்டோர் பலர் தொடரே முடிந்துவிட்டதெனக் கருதியிருப்பர். ஆனால் இரண்டாம் பகுதியில் நிக் ஃபொலிக்னோ ஒரு கோல் அடித்தார். மூன்றாம் பகுதியில் டேவிட் சவார்ட், ஜோஷ் ஆண்டர்சன், சேத் ஜோன்ஸ் ஆகியோர் ஆளுக்கொன்று அடித்தனர். இவற்றுள் ஆண்டர்சன் அடித்தது, தம் அணியில் ஓர் ஆள் குறைந்திருந்த வேளையில் அடித்தது என்பது கருதற்பாலது. கொலம்பஸ் 4-3 என்று வென்றது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் 5-1, 3-1, 7-3 என்று அதுவே வென்று நான்கே ஆட்டங்களில் தொடரை முடித்தது. பருவத்தில் முதலிடம் பெற்ற அணி, முதற் சுற்றிலேயே ஓர் ஆட்டமும் வெல்லாமல் வெளியேறியது லீகின் அண்மைக்கால வரலாற்றில் அதுவே முதல் முறை.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? கொலம்பஸின் பயிற்சியாளர் ஜான் டார்டரெல்லா கையாண்ட முதல் உபாயம், 'முன்சென்று மறித்தல்' என்பது. டாம்பாவின் பின்காவலர் தம் கோலின் அருகே வட்டை எடுத்துத் திரும்பும்பொழுதே கொலம்பஸ் ஆட்டக்காரர் அவர்மேல் பாய்ந்தார். அவர் நிமிர்ந்து நோக்கி, நல்ல இடத்திலுள்ள தோழருக்கு வட்டை அனுப்ப ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியதைப் பின்னால் காத்திருந்த இருவர் இடைமறித்துக்கொண்டனர். குச்செரோவும் ஸ்டாம்கோஸும் எத்துணை வல்லவராயினும், வட்டு அவர்களிடம் வந்து சேர்ந்தாலன்றோ வல்லமையைக் காட்டுவர்? நதியின் வெள்ளத்தைக் கழிமுகத்தில் தடுக்க முயலாமல், ஊற்றுக்கண்ணிலேயே அடைப்பது போன்றது இம்முறை. முதல் மூன்று ஆட்டங்களில் டாம்பாவின் மூன்று பெரிய வீரர்களும் ஒரு கோலும் அடிக்கவில்லை என்பதே இதன் பயனைக் காட்டும்.

இம்முறைக்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. முன்சென்று மறிப்பவரை எதிரி தாண்டிவிட்டால், பின்னால் ஆள் குறைந்து கோல் விழும். ஆகவே நான்கு வரிசையினரும் ஒரே முறையை ஒரே ஒழுங்குடன் பின்பற்றவேண்டும். ஒருவர் பாயும்பொழுது மற்றவர் எங்கு நிற்பது என்பதில் ஐயமே இருத்தலாகாது. களைத்தவர் உடனே வெளியேறிப் புதியவருக்கு இடம் தரவேண்டும். மேலே சொன்ன அந்த நாற்பது நிமிஷம் இங்கேதான் பயன்படுகிறது. மூன்றாம், நான்காம் வரிசையினர் கோல் அடிக்காவிடினும், எதிரியின் பின்காவலரை ஒவ்வொரு முறையும் மோதிக் களைப்புறச் செய்தால், தொடரின் பிற்பகுதியில் அதன் பலன் தெரியும். பருவத்தில் ஓர் அணியை இரண்டு மூன்று நாள் மட்டுமே சந்திக்கிறோம். தொடரிலோ அடுத்தடுத்து ஏழு ஆட்டங்கள் வரை அதே மனிதர்களைச் சந்திக்கிறோம். பழகப் பழக அவர்களுடைய வழக்கங்கள் புலப்படும். அவர்களுடைய பொறுமையும் குறையும்.

பொறுமை குறைந்ததற்கு அடையாளம் இரண்டாம் ஆட்டத்திலேயே தோன்றியது. தோல்வி உறுதியான நேரத்தில் குச்செரோவ் எதிர் அணியின் பின்காவலர் ஒருவரைப் பலகைச் சுவரோடு விதிக்கு மாறாக மோதினார். அதனால் மூன்றாம் ஆட்டத்தில் ஆடலாகாதெனத் தடை விதிக்கப்பட்டார். இடமும் அவகாசமும் மறுக்கப்பட்ட பெரிய வீரருக்குச் சினம் வருதல் இயல்பு. அச்சினம் எதிரிக்கு ஓர் ஆயுதமாகிவிடுகிறது. அவ்வாறு எதிரி சினமுற்று மோதும்பொழுது, திருப்பி மோதாமல் விலகிச் செல்வதே அறிவுடைமை.

ஆகவே இரண்டாவது உபாயம், தன்னடக்கம். அத்தொடரின் நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து டாம்பாவிற்கு ஆள் மிகுந்த வேளை ஆறே கிடைத்தது. அவற்றில் ஒரு கோலே அடித்தது. கொலம்பஸிற்குப் பத்து கிடைத்தது. ஐந்து கோல் அடித்தது. கடுமையாக மோதவேண்டும், ஆனால் விதியைக் கடக்கலாகாது. எளியவர் கையாளும் முறைகளுள் இதுவே மிகக் கடினமானது.

இவ்வாறு முன்னேறிச் சென்று இடத்தைப் பறிப்பது ஒரு வழி. பின்வாங்கி நின்று இடத்தைச் சுருக்குவது மற்றொரு வழி. 2010-ஆம் ஆண்டில் மான்ட்ரியால் அணி வாஷிங்டன் அணியை வென்றது இவ்வகையில். வாஷிங்டன் அப்பருவத்தில் 121 புள்ளிகள் பெற்று முதலிடம் வகித்தது. அலெக்சாண்டர் ஒவெச்கின் 50 கோல்கள் அடித்திருந்தார். மான்ட்ரியாலுக்கு 88 புள்ளிகளே. நான்கு ஆட்டங்கள் முடிந்தபொழுது வாஷிங்டன் 3-1 என்று முன்னணியில் இருந்தது. எஞ்சிய மூன்றையும் மான்ட்ரியாலே வென்றது.

அங்கு பயிற்சியாளர் ஜாக் மார்ட்டின் தம் ஆட்டக்காரரைக் கோலின் முன்னே நெருக்கமாக நிறுத்தினார். பனிக்களத்தின் ஓரங்களை எதிரிக்கு விட்டுக்கொடுத்தார், நடுப்பகுதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஓரத்திலிருந்து கோலை நோக்கி எத்தனை அடி அடித்தாலும், கோல் காவலர் அவற்றை நேரே பார்த்துத் தடுக்கலாம். நடுவிலிருந்து வருபவையே ஆபத்தானவை. ஹால் கில், ஜோஷ் கோர்ஜஸ் என்ற பின்காவலர் இருவர் வட்டின் பாதையில் தம் உடலையே தடுப்பாக வைத்தனர். எஞ்சியவற்றை யாரோஸ்லாவ் ஹாலாக் என்ற கோல் காவலர் பார்த்துக்கொண்டார். ஆறாம் ஆட்டத்தில் வாஷிங்டன் 54 முறை அடித்தது. அவர் 53-ஐத் தடுத்தார். கடைசி மூன்று ஆட்டங்களில் அவர்மீது வந்த 134 அடிகளில் மூன்றே கோலாயின. லீகிலேயே ஆள் மிகுந்த வேளையைச் சிறப்பாகப் பயன்படுத்திய வாஷிங்டன், அத்தொடரில் 33 வாய்ப்புகளில் ஒன்றில்தான் வென்றது.

இத்தொடரில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஒவெச்கின் முற்றிலும் அடக்கப்படவில்லை. அவர் ஐந்து கோல்கள் அடித்தார். ஆனால் பருவத்தில் 40 கோல்கள் அடித்த அலெக்சாண்டர் செமின், அத்தொடரில் ஒரு கோலும் அடிக்கவில்லை. தலைமை வீரரை முழுதும் நிறுத்திவிடலாம் என்பது பேராசை. அவருடைய துணைவரை அவரிடமிருந்து பிரித்துவிட்டால், அவர் தனி மரமாகிவிடுவார். ஒரு மரம் தோப்பாகாது என்ற பழமொழி இங்கு முற்றும் பொருந்தும்.

ஆளுக்கு ஆள் பொருத்தும் கலையும் இங்கே உதவுகிறது. ஆட்டம் நின்று தொடங்கும்பொழுது, தம் ஊரில் ஆடும் அணியே ஆட்களைக் கடைசியாக மாற்றலாம் என்பது விதி. எதிர் அணி யாரை இறக்கியது என்பதைப் பார்த்தபின், அதற்கேற்ற பின்காவலரைப் பயிற்சியாளர் இறக்குவார். பெரிய வீரர் ஒவ்வொரு முறை களம் புகும்பொழுதும் அதே இரு முகங்களைக் காண்பார். வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும் இடனறிதலையும் வள்ளுவர் வரிசையாக வைத்த காரணம், இதனைக் காணும்பொழுது தெளிவாக விளங்கும்.

இவ்விரு வழிகளுக்கும் இடைப்பட்டது, நடுப்பகுதியில் வலை விரிப்பது. 1995-ஆம் ஆண்டு இறுதித் தொடரில், ஜாக் லெமேரின் பயிற்சியில் நியூ ஜெர்சி அணி களத்தின் நடுமண்டலத்தில் ஆட்களை நிறுத்தி எதிரியை ஓரத்திற்குத் தள்ளியது. பருவத்தில் முதலிடம் பெற்ற டெட்ராய்ட் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அம்முறை பரவியதால் ஆட்டம் மந்தமாயிற்று என்ற குறை எழுந்தது. 2005-ஆம் ஆண்டில் நீண்ட தூரம் வட்டை அனுப்புவதற்கிருந்த தடை நீக்கப்பட்டது; பிடித்து இழுத்துத் தடுப்பதும் கண்டிப்பாகத் தண்டிக்கப்படலாயிற்று. எனவே உபாயம் எதுவும் என்றென்றைக்கும் செல்லுபடியாவதன்று.

மற்றும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். உபாயத்தோடு நல்வினையும் சேரவேண்டும். டாம்பாவின் தலைசிறந்த பின்காவலர் விக்டர் ஹெட்மன், காயத்தால் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஆடவில்லை. சிறந்த கோல் காவலர் இல்லாத அணிக்கு இம்முறைகளால் பயன் சிறிதே. மேலும், ஒரு தொடரை வெல்லுதல் வேறு. கோப்பையை வெல்லுதல் வேறு. கொலம்பஸ் அடுத்த சுற்றிலேயே பாஸ்டனிடம் தோற்றது. மான்ட்ரியால் மேலும் ஒரு சுற்று வென்றபின் பிலடெல்பியாவிடம் தோற்றது. மோதியும் குறுக்கே விழுந்தும் வெல்லும் உடல், இரண்டு மாதம் தாங்குவது கடினம். எனினும் பெருமை மிக்க அணிகளின் வீழ்ச்சி நின்றுவிடவில்லை. 2023-ஆம் ஆண்டில் பாஸ்டன் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்றுப் பழைய சாதனைகளையெல்லாம் முறியடித்தது. ஆயினும் முதற் சுற்றில் 3-1 என்று முன்னணியில் இருந்தும், 92 புள்ளிகளே பெற்ற ஃபிளாரிடா அணியிடம் ஏழாம் ஆட்டத்தில் தோற்றது.

கொலம்பஸின் பணயம் என்னவாயிற்று? 2019 ஜூலையில் பனாரினும் பாப்ரோவ்ஸ்கியும் டூஷேனும் வேறு அணிகளுக்குச் சென்றுவிட்டனர். நிர்வாகிக்கு எஞ்சியது அந்த ஒரு தொடரின் வெற்றிதான். கணக்குப் பார்ப்போர் அதனை நஷ்டமென்பர். பதினெட்டு ஆண்டுகளுக்குமேல் காத்திருந்த ஊரார் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

தோற்ற டாம்பா செய்ததே அறிவுடையார்க்குப் பெரிதும் பயன்படுவது. அவ்வணி தன் நட்சத்திரங்களைக் கலைத்துவிடவில்லை. பயிற்சியாளர் ஜான் கூப்பரையும் நீக்கவில்லை. பாட்ரிக் மரூன், பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ போன்ற, மோதுவதற்கும் மறிப்பதற்கும் அஞ்சாத உழைப்பாளிகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டது. 2020 ஆகஸ்டில், தொற்றுநோய்க் காலத்தில் பார்வையாளரே இல்லாத டொரான்டோ அரங்கில், அதே கொலம்பஸை அது முதற் சுற்றில் மீண்டும் சந்தித்தது. முதல் ஆட்டம் சமநிலையில் நின்று, ஐந்து கூடுதற் பகுதிகள் வரை நீண்டது. கொலம்பஸின் கோல் காவலர் யூனாஸ் கோர்ப்பிசலோ 85 அடிகளைத் தடுத்தார். முடிவில் பாயின்ட் கோல் அடிக்க, டாம்பா 3-2 என்று வென்றது. தொடரையும் 4-1 என்று வென்று, அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் ஸ்டான்லி கோப்பையைக் கைக்கொண்டது.

எளியவரின் உபாயத்தை வல்லவரும் கற்றுக்கொண்டால் அவரை வெல்லுதல் பின்னும் அரிதாகும். அதனால் எளியவருக்கு வழியே இல்லை என்று கொள்ளலாகாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் பதினாறு அணிகளும் புதிதாகவே தொடங்குகின்றன. பருவத்தில் சேர்த்த புள்ளிகள் அங்கே எண்ணப்படுவதில்லை. எதிரிக்கு எங்கே இடம் கிடைக்கிறது, எப்பொழுது அவகாசம் கிடைக்கிறது என்று ஆராய்ந்து, அவற்றை நாள்தோறும் ஒழுங்குடன் மறுத்துவரும் அணிக்கு அங்கே என்றும் நம்பிக்கைக்கு இடமுண்டு.